நடுவர் நாற்காலியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, அதாவது டிராய்க்கு, புதுத் தலைவர் வந்தால் நாளிதழில் சின்னப் பெட்டிச் செய்தியாகத்தான் வரும். 2024 ஜனவரியில் ரயில்வே வாரியத்தின் முன்னாள் தலைவர் அனில் குமார் லகோட்டி நியமிக்கப்பட்டபோதும் அப்படித்தான். ஆனால் 2003 மே முதல் செல்போனுக்கு வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனதும், இன்று எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்ற முடிவதும் டிராய் வகுத்த விதிகளால்தான்.

1997இல் சட்டம் போட்டு டிராயை உருவாக்கினார்கள். அன்று தொலைத்தொடர்புத் துறையே தொலைபேசி நடத்தியது. போட்டிக்கு வந்த தனியாருக்கு உரிமம் கொடுத்ததும் அதுவே. பொதுத்தேர்வில் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம்மையே அறைக் கண்காணிப்பாளராகப் போடுவார்களா? மாட்டார்கள். அதே நியாயம்தான் இங்கேயும். அதனால் தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவோ உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவோ இருப்பவர் அல்லது இருந்தவராக இருக்க வேண்டும் என்றது சட்டம். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.எஸ். சோதி முதல் தலைவரானார்.

சீக்கிரமே டிராய்க்கும் துறைக்கும் மோதல் வந்து நீதிமன்றம் வரை போனது. 2000 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. பழைய தலைவர், உறுப்பினர்கள் அனைவரின் பதவியும் அதோடு முடிந்தது. வழக்குகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைந்தது. நீதிபதிதான் தலைவர் என்ற விதி டிராயிலிருந்து போய்விட்டது. ஸ்டேட் வங்கித் தலைவராக இருந்த எம்.எஸ். வர்மா அடுத்த தலைவரானார். அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள்.

ஆனாலும் பழைய சட்டத்தின் ஒரு வேலி மிச்சம் இருந்தது: தலைவர் பதவியிலிருந்து இறங்கியவர் மத்திய, மாநில அரசுகளில் வேறு வேலைக்குப் போகக் கூடாது. 2006 முதல் 2009 வரை தலைவராக இருந்தவர் நிருபேந்திர மிஸ்ரா. 2014 மே மாதம் பிரதமரின் முதன்மைச் செயலாளராக அவரை நியமிக்க இந்த விதி குறுக்கே நின்றது. மீண்டும் ஓர் அவசரச் சட்டம். ஜூலையில் நாடாளுமன்றமும் திருத்தத்தை ஏற்றது. இப்போது தடை 2 ஆண்டுகளுக்குத்தான். அதற்குள்ளும் மத்திய அரசு அனுமதித்தால் போகலாம்.

மற்ற ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு உள்ள விதியைத்தான் இங்கும் கொண்டுவந்தோம் என்றது அரசு. மிஸ்ராவின் திறமையையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு அரசின் தயவு வேண்டும் என்ற நிலையில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அரசுக்குப் பிடிக்காத முடிவை அவர் எடுப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது? தலைவரின் பதவிக்காலமே 3 ஆண்டு அல்லது 65 வயது வரை, எது முந்தியதோ அதுவரைதான்.

ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை இப்படி ஒரு நியமனச் செய்தி வந்தால் பெயரோடு நிறுத்தாதீர்கள். அவர் எங்கிருந்து வருகிறார், இறங்கிய பிறகு எங்கே போகலாம் என்று சட்டம் சொல்கிறது, இரண்டையும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்