யூலாஞ்ச்எல்ஃப்

யூலாஞ்ச்எல்ஃப் என்பது சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் 2 நிகழ்பட விளையாட்டுக் கருவியில் இயங்கும் ஒரு கோப்பு மேலாண்மை மென்பொருள் ஆகும். சோனியைச் சாராத ஆர்வலர்கள் இதனை உருவாக்கினர். இவ்வாறு ஆர்வலர்கள் எழுதும் மென்பொருட்கள் ஹோம்புரூ என அழைக்கப்படுகின்றன. முன்னர் வெளிவந்த லாஞ்ச்எல்ஃப் என்னும் மென்பொருளிலிருந்து இது வளர்ந்தது. பெயரின் தொடக்கத்திலுள்ள 'யூ', அதிகாரப்பூர்வமற்றது என்பதைக் குறிக்கும்; எல்ஃப் என்பது இக்கருவியின் இயங்கு கோப்பு வடிவமாகும்.

தேவை

2000 ஆம் ஆண்டில் வெளியான பிளேஸ்டேசன் 2, ஆட்டச் சேமிப்புகளை 8 மெகாபைட் கொள்ளளவுள்ள நினைவக அட்டையில் எழுதுகிறது. கருவியுடன் வரும் பட்டியல்திரை மூலம் சேமிப்புகளை ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்கு மட்டுமே படியெடுக்கலாம்; சில ஆட்டங்களின் சேமிப்புகளுக்கு அதுவும் இயலாது. கருவியின் உற்பத்தி 2013 இல் நிறுத்தப்பட்டது. அட்டை பழுதானால் பல ஆண்டுச் சேமிப்பு மொத்தமாக அழியும். ஐதராபாத்தில் உருவாக்கப்பட்டு 2009 இல் வெளிவந்த 'அனுமான்: பாய் வாரியர்' போன்ற இந்திய ஆட்டங்களின் சேமிப்புகளுக்கும் இதே நிலைதான்.

நிறுவுதல்

2008 இல் வெளியான ஃப்ரீ மெக்பூட், கருவியைத் திறக்காமலேயே நினைவக அட்டையிலிருந்து ஹோம்புரூ மென்பொருட்களை இயக்க வழிசெய்தது. இது குறிப்பிட்ட அட்டைக்கென மறையாக்கம் செய்யப்படுவதால், இதன் கோப்புகளை வேறோர் அட்டைக்குப் படியெடுத்தால் இயங்காது. நிறுவியைக் கொண்டு மீண்டும் நிறுவுதல் வேண்டும். 90000 வரிசையின் பிற்காலக் கருவிகளில் ஃப்ரீ மெக்பூட் இயங்குவதில்லை.

பயன்பாடு

நினைவக அட்டைகள், பென் டிரைவ், வன்தட்டு, குறுந்தட்டு ஆகியன தனித்தனிச் சாதனங்களாகத் திரையில் தோன்றும். ஆர்1 பொத்தானை அழுத்தினால் படியெடுத்தல், நகர்த்தல், நீக்கல், பெயர்மாற்றல் முதலியவற்றுக்கான பட்டியல் விரியும். ஒரு சேமிப்பு என்பது தனிக்கோப்பு அன்று, ஒரு கோப்புறை. அதனைச் சாதாரணமாகப் பென் டிரைவிற்குப் படியெடுத்தால் கோப்புகளின் நேரமுத்திரையும் பண்புகளும் இழக்கப்படலாம். ஆகவே பி.எஸ்.யு. வடிவில் ஒற்றைக் கோப்பாக எடுத்து வைப்பதே நன்று. யூ.எஸ்.பி. 1.1 ஆதலால் வேகம் மிகக் குறைவு. சேமிப்புகளுக்கு அது போதும். பென் டிரைவ் ஃபாட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருத்தல் வேண்டும். கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடாதிருப்பது நலம், அவை திரையில் சரிவரத் தெரியா.

நீக்கிய கோப்பை மீட்கக் குப்பைத்தொட்டி கிடையாது. எழுதும்போது மின்சாரம் தடைபட்டால் அட்டை முழுவதும் கெடக்கூடும். ஃப்ரீ மெக்பூட் கோப்புறையை அறியாமல் நீக்கிவிட்டால், வேறு வழியில் மென்பொருளை இயக்கினாலன்றி மீண்டும் நிறுவ இயலாது.

சட்டநிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 65அ பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமைகளை மீறும் நோக்குடன் தொழில்நுட்பக் காப்புகளைத் தகர்ப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கப்படலாம். இங்கு நோக்கமே முதன்மையானது. தன் சேமிப்பைப் படியெடுப்பதும் திருட்டுப்படி ஆட்டங்களை ஏற்றுவதும் ஒன்றல்ல. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்திற்காகப் பிறருக்குக் காப்பைத் தகர்க்க உதவுவோர், அவரது பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும். கருவிகளை மாற்றியமைத்துத் தரும் பழுதுபார்ப்புக் கடைகளும் கருத்தில் கொள்ளவேண்டிய விதி இது.