நீரின் மின்னாற்பகுப்பும் மின்பகுளித் தேர்வும்

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். எனவே நீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் எனப் பிரிக்க அதில் ஒரு மின்பகுளியைக் கரைக்க வேண்டும். கரைக்கும் பொருளைப் பொறுத்து வெளிவரும் வாயுவும் மாறும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

1800 மே மாதத்தில் இலண்டனில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோனி கார்லைலும் வோல்டாவின் மின்னடுக்கைக் கொண்டு நீரைப் பகுத்தனர். அவர்கள் எடுத்தது காய்ச்சி வடித்த நீர் அன்று; நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த நியூ ரிவர் கால்வாயின் நீர். அதில் இயல்பாகக் கரைந்திருந்த உப்புகளே மின்சாரத்தைக் கடத்தின. முதலில் பித்தளைக் கம்பிகளை நுழைத்தனர். ஒரு கம்பியில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்தன. மற்றக் கம்பி வாயு எதுவும் தராமல் கறுத்துப் போனது. ஆக்சிஜனைப் பித்தளையே பிடித்துக்கொண்டது. பிளாட்டினக் கம்பிக்கு மாறிய பிறகே இரண்டு வாயுக்களும் கிடைத்தன.

அடுத்து ஒரு குழப்பம் எழுந்தது. காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு முனையில் அமிலமும் மறுமுனையில் காரமும் தோன்றின. மின்சாரமே இவற்றை உண்டாக்குகிறது என்றுகூடச் சிலர் கருதினர். ஹம்ப்ரி டேவி கண்ணாடிக் கலத்தை விட்டு அகேட் கல் கிண்ணத்துக்கும், பின்னர் தங்கக் கிண்ணத்துக்கும் மாறிப் பார்த்தார். கலத்திலிருந்து கரைந்த பொருள்களும் நீரில் கரைந்திருந்த காற்றின் நைட்ரஜனுமே காரணம் என்று 1806இல் விளக்கினார். மிகச் சிறிதளவு மாசுகூட விளைவை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆங்கிலத்தில் 'எலக்ட்ரோலைட்' என்ற சொல்லை மைக்கேல் ஃபாரடே 1834இல் வழக்குக்குக் கொண்டுவந்தார்; தமிழில் அதுவே மின்பகுளி.

இன்று பள்ளிச் செயல்திட்டங்களில் மாணவர்கள் முதலில் தேடுவது சாப்பாட்டு உப்பைத்தான். அது தவறான தேர்வு. உப்பு நீரில் நேர்மின்வாயில் குளோரின் வெளிவரும். 1915இல் ஈப்ர் போர்முனையில் நச்சுவாயுவாகப் பயன்பட்டது இதே குளோரின்தான். செயல்திட்டத்தில் வருவது சிறிதளவே என்றாலும் மூடிய அறையில் கண்ணையும் நுரையீரலையும் உறுத்தும்.

உப்புக்குப் பதிலாக ஆப்பசோடா போதுமானது. ஒரு குவளை நீருக்கு ஒரு தேக்கரண்டி. மின்வாயாகப் பென்சில் கரி நன்று. செம்புக் கம்பி அரிக்கும். துருப்பிடிக்காத எஃகிலிருந்து நச்சுள்ள குரோமியச் சேர்மங்கள் கரையக்கூடும். 9 வோல்ட் மின்கலமே போதும். வீட்டு மின்னிணைப்பை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டும்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 என்ற அளவில் சரியாக அமையாவிட்டால் வியப்பதற்கில்லை. பித்தளையைப் போலவே பென்சில் கரியும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடுகிறது.