மாத்தளைத் தோட்டங்களில் மருத்துவம்

மன்னாரில் கரையேறி, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் கால்நடையாய் வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கு மலைநாட்டின் தலைவாசல் மாத்தளைதான். அக்காட்டுப் பாதையில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். 1841 முதல் 1848 வரை 70,000 பேர் மாண்டதாக 1849 இல் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை கணக்கிட்டது. மிகைக் கணக்கு என்போரும் உளர். பாதியென்று கொண்டாலும் அது சிறு தொகையா?

1872 இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1912 இல் விரிவான புதிய சட்டம் வந்தது. இவற்றைத் துரைமாரின் கருணை என்று எழுதுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஆள் படுத்துவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற கவலையே இதில் பெரிது. தோட்ட டிஸ்பென்சரிக்காரர் துரையிடம் சம்பளம் வாங்கியவர். மருந்து கொடுத்தவரும், இன்று வேலைக்குப் போகலாமா என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. அங்கே பெரும்பாலும் தமிழில் நோயைச் சொல்ல முடிந்தது.

1948 இல் குடியுரிமை போயிற்று. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி பின்னர் தொடங்கி, இன்றும் நிறைவுபெறவில்லை. இதற்கிடையே லயத்துப் பெண் ஒரு நாட்கூலியை இழந்து, கைக்குழந்தையுடன் மலையிறங்கி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். நெஞ்சுக்கரிப்பையும் குளிர்காய்ச்சலையும் அரைகுறைச் சிங்களத்தில் எப்படி விளக்குவாள்? விளங்காதபோது ஏச்சு கிடைக்கிறது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் நான் அதிகம் கேட்ட குறை மருந்துத் தட்டுப்பாடு அன்று, இந்த ஏச்சுத்தான். அதற்கு அஞ்சியே நோய் முற்றும்வரை வீட்டிலிருந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

நியூசிலாந்தின் மவோரி இனத் தாதியான இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980களின் இறுதியில் ஒரு கருத்தை முன்வைத்தார்: சிகிச்சை தம் மானத்துக்குப் பங்கமின்றி நடந்ததா என்பதை நோயாளியே தீர்மானிக்க வேண்டும். 1992 இல் அது அந்நாட்டுத் தாதியர் கல்வியில் இடம்பெற்றது. மவோரிகள் அந்த மண்ணின் பூர்வகுடிகள், நம்மவர் அழைத்துவரப்பட்டவர்கள். ஆனால் வைத்தியசாலை வாசலில் இருவரும் பட்டது ஒன்றே.

இலங்கையில் 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மாத்தளையில் அச்சட்டம் நடைமுறைக்கு வர வேண்டிய இடம் வெளிநோயாளர் பிரிவின் கதவடி. இலக்கத்தைத் தமிழிலும் கூப்பிட ஒருவர் வேண்டும். மருந்து உறையில் காலை, பகல், இரவு என்ற மூன்று சொற்களும் தமிழில் இருக்கவேண்டும்.