தேர்வுத் திடலும் காவல் இரவும்



பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில், அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவது பழைய வழக்கம். ஆசிரியப் பணியில் இருந்த நாளில், ஓர் இரவு அத்தகைய கிடையோரமாக நடந்து வந்தேன். காவல் நாய் எழுந்து, குரைத்து, வழிமறித்தது, கடிக்கவில்லை. கிடைக்காரர் குரல் கொடுத்ததும் விலகிற்று. ஆயினும் நான் வரப்பைக் கடக்கும்வரை அதன் பார்வை என்னைவிட்டு அகலவில்லை. கள்வன் யார், வழிப்போக்கன் யார் என்று அறிந்து அடங்கி நிற்பதே காவலின் உயிர் என்பதை அன்று உணர்ந்தேன்.

இக்காவலின் பெருமையை நம் முன்னோர் கல்லிலேயே பொறித்துள்ளனர். வெள்ளாற்றுக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது; காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதென்று கல்வெட்டுக் கூறுகிறது. கடித்ததோடு அமையாது, காத்தும் நின்றதன்றோ!

இனி, மேலை நாட்டை நோக்குவோம். பெல்ஜியத்தின் கெண்ட் நகரக் காவலர், 1899இல் இரவு ரோந்துக்கு நாய்களைப் பழக்கலாயினர். அதே ஆண்டில் ஜெர்மனியில், குதிரைப்படையில் பணியாற்றிய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், அந்நாட்டு மந்தை நாயினத்தைப் பேணச் சங்கம் ஒன்றை நிறுவினார். தொழிற்சாலைகள் பெருகி மேய்ச்சல் சுருங்கவே, மந்தை நாய்க்கு வேறு வேலை வேண்டியதாயிற்று. இனத்தின் தகுதி குன்றாதிருக்க ஒரு தேர்வும் வகுக்கப்பட்டது. ‘காவல் நாய்’ என்னும் பொருள்பட அதனை ‘ஷூட்ஸ்ஹுண்ட்’ என்றனர். மோப்பம், கீழ்ப்படிதல், காவல் ஆகிய மூன்றுக்கும் நூறு நூறாக 300 மதிப்பெண்கள்.

நாளடைவில் அத்தேர்வே உலகெங்கும் விளையாட்டாயிற்று. திடலில் ஆறு மறைவிடங்கள். அவற்றுள் ஒன்றில் ‘கள்வன்’. அவன் கையில் தடித்த உறை. அதனைக் கவ்வுவதும், ஆணை கேட்டவுடன் விடுவதும் பயிற்சி. மன உறுதியும் அடக்கமும் இதனால் வளர்வது மெய்யே. ஆனால், உறையை மட்டுமே கண்டு பழகிய நாய், உறையைக் கழற்றி எறிந்தால் மனிதனை விட்டு உறையையே பற்றிக்கொள்வதுண்டு. மெய்யான கள்வன் உறை அணிந்து வருவதில்லை. ஒளியும் இடமும் முன்கூட்டித் தெரிவதில்லை. ஆதலால், காவல் பணிக்கு நாய் பழக்குவோர் உறையை ஆடைக்குள் மறைத்தும், இருளிலும் கட்டடங்களிலும் இடத்தை மாற்றியும் பழக்குவர்.

தேர்வு வேண்டாமென்று ஓர் ஆசிரியன் சொல்வானா? தகுதியைக் காக்கத் தோன்றியதே தேர்வு. மதிப்பெண்ணே குறிக்கோளாகும்போது அத்தகுதி நழுவிவிடுகிறது. கோவிவனுக்கு எவரும் மதிப்பெண் இடவில்லை. எனினும் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அதன் பெயர் நிலைத்து நிற்கிறது. நீங்கள் கற்ற கல்வியும், வினாத்தாள் இல்லாத இடத்தில் உங்களுக்குத் துணை நிற்பதாகுக.