தடை வந்தும் நீங்காத நஞ்சு: கரிசல் மண்ணில் நாம் கவனிக்க வேண்டியவை

புதியம்புத்தூர் என்றதும் இன்று ரெடிமேட் துணிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஊரைச் சுற்றியிருப்பது மானாவாரிக் கரிசல் காடு, பருத்தி விளைந்த மண். நம் நாட்டில் பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்பட்ட பயிர்களில் பருத்தி முக்கியமானது. டிடிடி, எண்டோசல்பான் போன்ற குளோரின் கலந்த மருந்துகளும் அதில் அடங்கும்.

இவை ஏன் ஆபத்தானவை?

சாதாரண மருந்துகள் சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். மண்ணில் விழுந்த டிடிடி பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டுகள் ஆகும். இது தண்ணீரில் எளிதில் கரையாது; கொழுப்பில் சேரும். தீவனத்திலிருந்து ஆடு மாடுகளுக்கும், பாலிலும் இறைச்சியிலும் இருந்து நமக்கும் வந்து சேரும். களிமண் மிகுந்த கரிசல் இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழையில் அரித்துச் செல்லும் வண்டலோடு கண்மாய்க்கும் போகும்.

சட்டம் செய்தது

விவசாயத்தில் டிடிடிக்கு 1989-இல் இந்தியா தடை விதித்தது. இத்தகைய நஞ்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006-இல் ஏற்றது. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பான் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது.

அதற்குக் காரணமானது கேரளாவின் காசர்கோடு. அங்கு அரசு முந்திரித் தோட்டங்களில் சுமார் 20 ஆண்டுகள் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அகமதாபாத் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்குள்ள சிறுவர்களை ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டது. தெளிப்பு நின்று பல மாதங்கள் கழித்தும் இரத்தத்தில் மருந்து இருந்தது. பருவ வளர்ச்சியும் தாமதமாகியிருந்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மண்ணைச் சுத்தம் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் எளிதல்ல. மண்ணைத் தோண்டி மிக உயர்ந்த வெப்பத்தில் எரிப்பது பெரும் செலவு. நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைப்பது மற்றொரு வழி. லிண்டேன் வகை நஞ்சைத் தின்னும் 'ஸ்பிங்கோபியம் இண்டிகம்' என்ற பாக்டீரியா நம் நாட்டுக் கரும்பு வயல் மண்ணில் கிடைத்ததுதான். ஆனாலும் பரந்த வயல்களை மீட்க நீண்ட காலம் பிடிக்கும். எனவே நஞ்சு சேராமல் தடுப்பதே மேல்.

நாம் செய்யக்கூடியவை

• காலி மருந்து டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கக் கூடாது. மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவை ஓட்டை போட்டுவிட வேண்டும்.

• பழைய மருந்து வீட்டில் இருந்தால் எரிக்கவோ கிணற்றில் கொட்டவோ கூடாது. வேளாண்மை அலுவலரிடம் கேட்க வேண்டும்.

• மண்வள அட்டையில் சத்துகளின் அளவுதான் இருக்கும். நஞ்சின் அளவை அறியத் தனிப் பரிசோதனை தேவை.

• தாய்ப்பாலிலும் இந்த நஞ்சு கலக்கும் என்று கேட்டுத் தாய்மார்கள் பயந்து பாலூட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலின் நன்மையே பெரிது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

மண்ணும் நீரும் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். நாம் இன்று கொட்டுவதை நம் பேரப்பிள்ளைகள் உண்ண நேரும் என்பதை மறக்க வேண்டாம்.