கன்னியாஸ்திரிகள், கொம்பு முயல், பாசிட்டிவ் ரிப்போர்ட்

போன மாசம் என் சித்தி பொண்ணு (எனக்கு அக்கா முறை) ஒரு லேப் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினாங்க. ஹெச்.பி.வி. 16, பாசிட்டிவ். கூடவே ஒரு கேள்வி: "இது கேன்சராடா?" ராத்திரி பதினோரு மணிக்கு மேல ரெண்டாவது கேள்வி வந்துச்சு. "கல்யாணம் ஆகி பன்னெண்டு வருஷம் ஆச்சு. இது எங்கேர்ந்துடா வந்துச்சு?"

முதல் கேள்விக்கு டாக்டரே பதில் சொல்லிட்டாங்க, கேன்சர் இல்லைன்னு. ரெண்டாவதுக்கு யாரும் வாய் திறக்கலை. நான் டாக்டர் இல்லை மக்களே, கோடு எழுதி சோறு திங்கிற ஆளு. ஆனா அந்தக் கேள்வியோட ஜாதகத்தைத் தேடிப் போனா அது இத்தாலியில, 1842-ல போய் நிக்குது. (அக்கா சரின்னு சொன்ன பிறகுதான் இதை எழுதறேன்.)

ரிகோனி-ஸ்டெர்ன்னு ஒரு இத்தாலிய டாக்டர். வெரோனா நகரத்தோட 1760 முதல் 1839 வரையிலான மரணப் பதிவுகளை எடுத்து வச்சுக்கிட்டு, யார் யார் எந்தப் புற்றுநோயில செத்தாங்கன்னு எண்ணினார். எக்ஸெல் கிடையாது, எல்லாம் கையாலதான். கல்யாணமானவங்களும் விதவைகளும் கருப்பைப் புற்றுநோயில அதிகமா செத்திருந்தாங்க. கன்னியாஸ்திரிகள்ல அது ரொம்ப அபூர்வம். மார்பகப் புற்றுநோய் மட்டும் கன்னியாஸ்திரிகளுக்கு அதிகமா இருந்துச்சு.

அருமையான துப்பு. இந்த நோய்க்கும் உடலுறவுக்கும் ஏதோ தொடர்பு இருக்குன்னு, கிருமின்னா என்னன்னே சரியாத் தெரியாத காலத்துல ஒருத்தர் கணக்குப் போட்டே மோப்பம் பிடிச்சிருக்கார். ஆனா கிருமி கைக்குக் கிடைக்காத வரைக்கும் இந்தத் துப்பு ஒரு நடத்தைச் சான்றிதழாவும் ஆயிடுச்சு. எத்தனை வயசுல கல்யாணம், எத்தனை பேரோட உறவுன்னு அடுத்த நூறு வருஷத்துக்கு மேல ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் பெண்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. 1982-லதான் ஸ்கெக், ரிச்சர்ட் டால் உள்ளிட்ட நாலு பேர் லான்செட் இதழ்ல, புருஷனோட பழக்கவழக்கத்தையும் கணக்குல எடுக்கணும்னு தெளிவா எழுதினாங்க. வாழ்நாள்ல ஒரே ஆணோட மட்டும் வாழ்ந்த பெண்களுக்கும் இது வருதேன்னு அப்பதான் உறைச்சிருக்கு. 140 வருஷம் லேட்!

வைரஸ் பக்கம் கதை வேற ரூட்ல வந்துச்சு, அதுவும் மரு வழியா. கையில காலுல வருமே, சாதா மரு. 1907-ல சியூஃபோங்கிற இத்தாலியர் மருவை அரைச்சு, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில வடிகட்டி, அந்த நீரைத் தன் மேலயே ஏத்திக்கிட்டார். மரு வந்துச்சு! (அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களுக்கு டெஸ்டிங் டீமே கிடையாது போல. எல்லாம் நேரா புரொடக்‌ஷன்லதான்.) 1933-ல அமெரிக்காவுல ரிச்சர்ட் ஷோப், உடம்புல கொம்பு மாதிரி கட்டி முளைச்ச காட்டு முயல்களை ஆராய்ஞ்சு, காரணம் ஒரு வைரஸ்தான்னு நிரூபிச்சார். அந்தக் கட்டிகள் சில சமயம் புற்றுநோயா மாறுறதும் பின்னாடி தெரிஞ்சுது. மரு வைரஸ் புற்றுநோய் தரும்னு முயல்கள் அப்பவே சொல்லிடுச்சு.

மனுஷங்கதான் கேக்கலை. 1970-கள்ல கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெர்ப்பிஸ் வைரஸ்தான் காரணம்னு பெரும்பாலானவங்க நம்பினாங்க. ஜெர்மனியில ஹரால்ட் ஸுர் ஹவுஸன் கட்டித் திசுவுல ஹெர்ப்பிஸ் டி.என்.ஏ.வைத் தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கலை. அப்ப மரு வைரஸ் குடும்பத்தைப் பார்ப்போம்னு கிளம்பினார். அந்தக் குடும்பமோ பெருசு, இன்னிக்குக் கணக்குல 200-க்கும் மேல. பெரும்பாலானது சாது. 1983-ல அவரோட குழு 16-ஆம் வகையைப் பிரிச்சு எடுத்துச்சு, 1984-ல 18. உலகத்துல கருப்பை வாய்ப் புற்றுநோய்ல சுமார் 70 சதவீதம் இந்த ரெண்டாலதான். 2008-ல நோபல் பரிசு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ஹென்ரியட்டா லாக்ஸ், 1951-ல இதே நோயில இறந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண். அவங்க அனுமதி இல்லாமலே எடுத்த திசுவுலேர்ந்து வளர்ந்ததுதான் ஹீலா செல். உலகம் முழுக்க லேப்ல அதுதான் பிரபலம், ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மூலப்பொருள். 18-ஆம் வகை கிடைச்சதும் ஹீலாவுல தேடிப் பார்த்தா, அங்கேயே இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல எல்லா லேப் அலமாரியிலயும் இருந்த குற்றவாளி!

இப்ப அக்காவோட ரெண்டாவது கேள்வி. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது இந்த வைரஸ் வரும். பத்துல ஒன்பது பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே அடக்கிடும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. சிலருக்கு டெஸ்ட்ல சிக்காத அளவுக்கு வருஷக்கணக்கா பதுங்கிக் கிடந்து, பிறகு தலைகாட்டும். அதனால இன்னிக்கு பாசிட்டிவ்னா, எப்ப வந்துச்சு, யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு அந்த ரிப்போர்ட்டால சொல்லவே முடியாது. டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைல் அது. கல்யாணத்துக்கு முந்தின கதையா இருக்கலாம், அவரோடதா இவங்களோடதா, எதையும் அதுலேர்ந்து படிக்க முடியாது. 1982 கட்டுரையைக் காட்டி "அப்ப இவர்தானே?"ன்னு அக்கா கேட்டாங்க. அந்தக் கட்டுரை ஊர்க்கணக்கு, வீட்டுக் கணக்கு இல்லைன்னு சொன்னேன். அவரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லலாம்னா, ஆண்களுக்கு இதுக்கு அங்கீகரிச்ச வழக்கமான பரிசோதனையே கிடையாது.

வைரஸை விரட்ட மருந்தும் கிடையாது. 16, 18-ன்னா கால்போஸ்கோப்ங்கிற உருப்பெருக்கி வச்சுக் கருப்பை வாயைப் பார்ப்பாங்க, தேவைன்னா துளியூண்டு சதை எடுப்பாங்க. அக்காவுக்கு எடுத்தாங்க, ஒண்ணுமில்லை, ஒரு வருஷம் கழிச்சு திரும்பி வரச் சொல்லியிருக்காங்க. தொற்று போகாம தங்கினாலும் அது புற்றுநோயா மாற சாதாரணமா 15-லிருந்து 20 வருஷம் ஆகும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. (எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்குச் சீக்கிரம்.) நடுவுல மாறத் தொடங்கின செல்களைக் கண்டுபிடிச்சா அகற்றிடலாம். புகை பிடிக்கிறவங்களுக்கு ஆபத்து கூடுதல். தடுப்பூசி 2006-ல அமெரிக்காவுல வந்துச்சு, நம்ம நாட்டுத் தயாரிப்பு 2022-ல அனுமதி வாங்கிச்சு. அது வராம தடுக்கும், வந்ததை விரட்டாது.

சரி, நம்ம நாட்டுல என்ன பண்ணினாங்க? நிறைய. டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில மகாராஷ்டிராவுல உஸ்மனாபாத் மாவட்டத்துல 1,31,746 பெண்களை வச்சு நடந்த ஆய்வு 2009-ல வெளியாச்சு. வாழ்நாள்ல ஒரே ஒரு ஹெச்.பி.வி. பரிசோதனை, பாசிட்டிவ்னா சிகிச்சை. எட்டு வருஷத்துல இந்த நோயால வர்ற மரணம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. அதாவது அக்காவை அழ வச்ச அதே டெஸ்ட்.

அதே டாக்டர் குழு திண்டுக்கல் மாவட்டத்துல பண்ணினது இன்னும் எளிமை. டி.என்.ஏ. டெஸ்ட் எல்லாம் இல்லை, வினிகர்ல இருக்குமே அசெட்டிக் அமிலம், அது 4 சதவீதம். பயிற்சி எடுத்த நர்ஸுங்க கருப்பை வாயில அதைத் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பாங்க. கோளாறு உள்ள இடம் வெள்ளையாத் தெரியும். தெரிஞ்சா கடுங்குளிர்ல உறைய வச்சு அழிச்சிடுவாங்க. 30-லிருந்து 59 வயசுக்குள்ள இருந்த 49,311 பெண்களை அழைச்சாங்க. 2007-ல லான்செட்ல வந்த முடிவு: அந்தக் குழுவுல நோய் 25 சதவீதமும், மரணம் 35 சதவீதமும் குறைஞ்சிருந்துச்சு.

வந்து பரிசோதனை பண்ணிக்கிட்டவங்க 31,343 பேர். மீதி 17,968 பேர் வரலை. கூலி போயிடும்னு இருக்கலாம், மாமியார் இருக்கலாம், வெரோனா கணக்குலேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்த கூச்சமும் இருக்கலாம். 2021-ல உலக சுகாதார நிறுவனம், ஹெச்.பி.வி. டெஸ்டுக்கான மாதிரியை அந்தப் பெண்ணே தானா எடுத்துக் கொடுக்கலாம்னு பரிந்துரை பண்ணியிருக்கு. பஞ்சு சுத்தின ஒரு குச்சி, கதவைச் சாத்திக்க ஒரு ரூம், அவ்வளவுதான் வேணும்.