ஒப்பும் ஒப்புதலும்

வந்தவாசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து மிளகு, சுக்கு வியாபாரத்தில் நாற்பது வருஷம் ஓடிவிட்டது. வந்த புதிதில் என் மனதில் தைத்த மலையாளச் சொல் ‘ஒப்பு’. இங்கே கையெழுத்துக்கு அதுதான் பெயர். நம் தமிழிலோ ஒப்புதல் என்றால் மனம் இசைவது. கையெழுத்துப் போட்டவரெல்லாம் மனம் இசைந்தவர் ஆவாரா? மனிதர்கள் மீது நடத்தப்படும் மருந்துப் பரிசோதனைகளின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

1897-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது ஹாஃப்கின் என்னும் விஞ்ஞானி தடுப்பூசி கண்டார். ஜனவரி 10-ந் தேதி அதை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பிறகுதான் பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். அவர் செய்கை உயர்ந்ததே. ஆனாலும் சிறைக்குள் இருப்பவன் ‘சரி’ என்பது முழு விருப்பமா என்று இன்றைக்கு நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஹிட்லர் ஆட்சியில் முகாம் கைதிகளை வதைத்துச் சோதனை செய்த மருத்துவர்களின் வழக்கில் 1947-ல் நியூரம்பர்க் நகரில் தீர்ப்பு வந்தது. அதில் கண்ட பத்து விதிகளில் முதலாவது, சோதனைக்கு உட்படுபவரின் சுயமான சம்மதம் கட்டாயம் வேண்டும் என்பது. நடுவில் விலகிக்கொள்ளும் உரிமையும் அங்கே சொல்லப்பட்டது. 1964-ல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-ல் கொள்கை அறிக்கையும், 2000-ல் விரிவான நெறிமுறைகளும் தந்தது.

விதிகள் ஏட்டில் இருந்தும் நம் கேரளத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999 நவம்பரிலிருந்து 2000 ஏப்ரல் வரை, வாய்ப்புற்று நோயாளிகள் 25-க்கும் மேற்பட்டோருக்குப் புதிய ரசாயன மருந்து ஊசியாகக் கட்டியிலேயே செலுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவரோடு சேர்ந்து நடந்த ஆராய்ச்சி இது. அதே மையத்தில் பணிபுரிந்த டாக்டர் பட்டதிரி துணிந்து புகார் செய்ததால் 2001-ல் விஷயம் வெளியே வந்தது. நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கியே செய்தோம் என்பது மையத்தின் பதில். ஆனால் ஹாப்கின்ஸ் நடத்திய விசாரணை வேறு சொன்னது. தன் நெறிக்குழுவின் அனுமதி பெறப்படவில்லை, மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் போதிய சோதனை இல்லை, சம்மதப் படிவமும் குறைபாடுள்ளது என்றது. அப்பேராசிரியை மனித ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்கத் தடையும் விதித்தது. ஆக, அங்கே ஒப்பு இருந்தது. ஒப்புதல் இருந்ததா?

இதற்குப் பின் சட்டம் இறுகியிருக்கிறது. 2009 முதல் மருந்துப் பரிசோதனைகளை அரசுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். 2019-ல் வந்த புதிய மருந்துகள் விதிகளின்படி, சம்மதப் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். பரிசோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சை தரப்பட வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அந்த ‘புரியும் மொழி’ என்ற வார்த்தை தங்கம் மாதிரி. எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் தேனிக்காரர் ஒருவர் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். கையில் நாலு பக்க இங்கிலீஷ் பேப்பர். “என்னன்னு தெரியல முதலாளி, ஒப்பு போடச் சொன்னாங்க, போட்டுட்டேன்” என்றார். வாங்கிப் படித்தேன். சாதாரண ஸ்கேன் படிவம்தான். வேறொன்றாக இருந்தாலும் அவர் போட்டிருப்பார். பல வருஷம் என் கணக்குச் சீட்டிலும் அவர் அப்படித்தானே போட்டார் என்று நினைத்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. அன்று முதல் தொகையை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குகிறேன்.

எங்கள் சமண நெறியில் இம்சை மூன்று வகைப்படும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். தெரிந்தும் வாய்மூடி இருப்பதை நான் மூன்றாவதில்தான் சேர்ப்பேன். அந்த டாக்டர் உடன்பட மறுத்தார். அதனால் உலகுக்குத் தெரிந்தது. நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும், பக்கத்து வீட்டுத் தமிழர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடப் போய்ப் படிவத்தைப் படித்துச் சொல்லலாமே. “இது சிகிச்சையா, சோதனையா? வேண்டாம் என்றால் என் வைத்தியம் நிற்குமா?” என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்கச் சொல்லிக் கொடுப்போம்.